‘வயிற்றுவலி’ என்று மொழிபெயர்த்தேன்: பசறைத் தோட்டங்களில் பெண்களின் பாலியல் சுகாதாரம்

1996ஆம் ஆண்டு எனக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்துக் காம்பராவில் இருந்த மாமிக்குச் சிங்களம் தெரியாது. லயத்துக்குக் கீழே இருந்த கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகியதில் எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால் ஆஸ்பத்திரிக்குத் துணையாக என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வரிசையில் நிற்கும்போதே காதருகே குனிந்து சொன்னார்: “மாமாவோட இருந்தா வலிக்குது. பொறவு ரத்தம் படுது. ஆனா அப்பிடிச் சொல்லிராத புள்ள, வேற மாதிரிச் சொல்லு.”

வேறு மாதிரி எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வைத்தியர் நிமிர்ந்து பார்த்ததும் “பட ரிதெனவா” என்றேன். வயிறு வலிக்கிறது. அவர் வேறு இரண்டு கேள்விகள் கேட்டார், அதில் ஒன்று “சுது யனவாத?” என்பது. அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை, தலையாட்டினேன். வயிற்றெரிவுக்கு மாத்திரை கிடைத்தது. வெளியே வந்து மாமி எனக்கு வடை வாங்கித் தந்தார்.

இரண்டு வருடம் அந்த மாத்திரையையும் வெந்தயத் தண்ணீரையும் மாறி மாறிக் குடித்தார். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்று கண்டுபிடித்து மஹரகமைக்கு அனுப்பியபோது அது பரவியிருந்தது. திரும்பி வந்து ஒரேயொரு தைப்பொங்கலைக் கண்டார்.

‘சுது யாம’ என்றால் வெள்ளைபடுதல் என்பதை நான் பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன். இன்னொன்றையும் அறிந்தேன். பெண்களுக்கான ‘சுகவனிதையர் கிளினிக்’ இலங்கையில் தொடங்கப்பட்டதும் அதே 1996இல்தான். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. எங்கள் லயத்தில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இருக்கவில்லை.

நான் வைத்தியர் அல்ல, ஆசிரியை. ஆனால் பசறை, நமுனுகுல, மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களிலிருந்து பதுளைக்கோ பசறை டவுனுக்கோ கிளினிக் போகும் பெண்களோடு பாடசாலை விடுமுறைகளில் கூடப் போய் மொழிபெயர்ப்பது பல வருடப் பழக்கம். அங்கே கேட்டதையும், கேட்டதை விளங்கிக்கொள்ளப் படித்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். இதை வாசித்து யாரும் தமக்குத் தாமே மருந்து வாங்கிக்கொள்ளக் கூடாது. எதை, யாரிடம், எப்படிச் சொல்வது என்று தெரிந்துகொண்டால் போதும்.

எல்லாவற்றுக்கும் ‘சூடு’

தோட்டத்தில் பெண்ணின் இடுப்புக்குக் கீழே வரும் எந்த வருத்தத்துக்கும் ‘சூடு’ என்ற ஒரே பெயர்தான் உண்டு. வெள்ளைபட்டாலும் சிறுநீர் எரிந்தாலும் உள்ளே அரித்தாலும் சூடுதான். வெயிலில் மலையில் நிற்பதால் வருகிறது என்று காரணமும் தயாராக இருக்கும். வெந்தயமும் இளநீரும் கெடுதல் செய்யப் போவதில்லை. ஆனால் அதைக் குடித்துக்கொண்டே காலம் போய்விடுகிறது என்பதுதான் பிரச்சினை.

வெள்ளைபடுதல் எல்லாமே நோயும் அல்ல. தெளிவாகவோ பால் போலவோ, நாற்றமோ அரிப்போ இல்லாமல் வருவது உடம்பின் இயல்பு. மாதவிடாய்ச் சக்கரத்தின் நடுப்பகுதியிலும் கர்ப்ப காலத்திலும் அது கூடும். இதைத் தெரியாமல் “எலும்பு உருகிப் போகுது” என்று பயந்து மெலிந்துபோன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். எலும்பு உருகி வெள்ளையாகப் போவதில்லை.

நோயாக வருவதிலும் வித்தியாசம் உண்டு. தயிர்த் திப்பி போல வந்து கடுமையாக அரித்தால் பெரும்பாலும் பூஞ்சணத் தொற்று. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும், நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை குடித்து முடித்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இது எளிதில் வரும். உள்ளே வைக்கும் மாத்திரையிலோ களிம்பிலோ சில நாட்களில் போய்விடும். திரும்பத் திரும்ப வந்தால் இரத்தத்தில் சீனியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் மீன் நாற்றத்தோடு, அதுவும் உறவுக்குப் பிறகு கூடுதலாக நாறினால், அது உள்ளே இருக்கும் நல்ல கிருமிகள் குறைந்து மற்றவை பெருகியதால் வருவது. மஞ்சளாக, பச்சையாக, நுரைத்து வந்தால் உறவின் மூலம் தொற்றும் ஒட்டுண்ணியாக இருக்கலாம். ஆனால் நிறத்தையும் மணத்தையும் வைத்து வீட்டிலேயே தீர்ப்புச் சொல்ல முடியாது. வைத்தியர் பார்த்து, வேண்டுமானால் ஒரு துளியை எடுத்துச் சோதித்துத்தான் சொல்வார்.

கடைசியாகச் சொன்ன தொற்றில் புருசனும் மாத்திரை குடிக்க வேண்டும். பெண் மட்டும் குடித்தால் குணமாகி, அடுத்த வாரமே அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வாள். நான் கூடப் போனதில் அதிகமாக இடறும் இடம் இதுதான். அந்த மாத்திரை குடிக்கும் நாட்களில் சாராயம் குடிக்கக் கூடாது என்று கிளினிக்கில் சொல்லி அனுப்புவார்கள். “அப்பிடின்னா அவரு குடிக்க மாட்டாரு டீச்சர்” என்றார் ஒரு அக்கா. மாத்திரையைத்தான் சொன்னார்.

இன்னொரு தவறும் சுத்தக்காரிகளிடம்தான் கூடுதலாக உண்டு. நாற்றம் என்று நினைத்து சவர்க்காரத்தாலும் டெட்டோல் கலந்த தண்ணீராலும் உள்ளே கழுவுகிறார்கள். உள்ளே கழுவத் தேவையே இல்லை, அது தன்னைத் தானே சுத்தப்படுத்திக்கொள்ளும் உறுப்பு. கழுவக் கழுவ நல்ல கிருமிகள் செத்து, நாற்றம் கூடும். வெளியே மட்டும் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும்.

அந்தத் தண்ணீரும் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். காலையில் பெரட்டுக்குப் போன பெண் மாலையில் கொழுந்து நிறுக்கும் வரை மலையில் நிற்கிறாள். அங்கே மலசலகூடம் இல்லை. மாதசுகவீன நாட்களில் காலையில் வைத்த துணியோடுதான் பகல் முழுவதும். சிறுநீர் கழிக்க இடமில்லாததால் தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகிவிடுகிறார்கள், அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது. வைத்தியர் “நிறையத் தண்ணி குடிங்க” என்கிறார். அதை மொழிபெயர்க்கும்போது எனக்கே சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும்.

வலிக்கும்போது

உறவின்போது வலிப்பதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. கலியாணமானால் அப்படித்தான் என்று தாயும், பிள்ளை பிறந்தால் சரியாகும் என்று மாமியாரும் சொல்லியிருப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. வலிக்குக் காரணம் இருக்கும், காரணத்துக்கு மருத்துவமும் இருக்கும்.

பால் கொடுக்கும் காலத்திலும், மாதவிடாய் நின்ற பிறகும் ஒரு ஓமோன் குறைந்து உள்ளே வறண்டுபோகும். ஐம்பதை ஒட்டிய அம்மாக்கள் பலர் இதனால் எரிச்சலும் காயமும் பட்டு, ‘வயசு போன காலத்தில என்ன இது’ என்று வெட்கப்பட்டே இருந்துவிடுகிறார்கள். வழுக்கும் களிம்பும், வைத்தியர் எழுதித் தரும் ஓமோன் களிம்பும் இதை நன்றாகக் குறைக்கும். மார்புப் புற்றுநோய் வந்தவர்கள் ஓமோன் களிம்பு பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். பிரசவத்தில் கிழிந்து தையல் போட்ட இடம் இறுகி வலிப்பதும் உண்டு. அடிவயிற்றின் ஆழத்தில் வலித்து, மாதவிடாய் நாட்களிலும் எழும்ப முடியாமல் வலித்தால் கருப்பையின் உட்சவ்வு வெளியே வளரும் நோயாக இருக்கலாம். அதை மகப்பேற்று விசேட வைத்திய நிபுணர்தான் பார்க்க வேண்டும்.

புதிதாகக் கலியாணமான சில பிள்ளைகளுக்கு உடம்பே இறுகி மூடிக்கொள்ளும். வேண்டுமென்று செய்வதல்ல. பயத்திலும் முன்பு பட்ட காயத்திலும் அந்த இடத்துத் தசைகள் தாமாக இறுகுகின்றன. “அவளுக்கு விருப்பமில்லை”, “வேறு யாரையோ நினைக்கிறாள்” என்று பேச்சு எழுந்து, கோயிலில் நூல் கட்டி, கடைசியில் தாய் வீட்டுக்கு அனுப்பிய கதை எங்கள் பக்கத்திலும் உண்டு. தசையைத் தளர்த்தும் பயிற்சியாலும் ஆற்றுப்படுத்தலாலும் பெரும்பாலானோருக்கு இது குணமாகிறது. புருசன் பொறுமையாக இருக்க வேண்டும், அது மட்டும் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது.

“மனசே வரல்ல” என்று சொல்லும் பெண்கள் இன்னும் அதிகம். நான் இதை உடனே நோய் என்று சொல்லமாட்டேன். விடிய நாலு மணிக்கு எழும்பி, சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, 18 கிலோ, 20 கிலோ கொழுந்தைச் சுமந்து, பின்னேரம் மீண்டும் அடுப்பு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் வளர்ந்த பிள்ளைகளும் மாமனாரும் படுத்திருக்க, பலகைத் தடுப்புக்கு அப்பால் அடுத்த குடும்பம் இருமுவது கேட்கும். அந்த இடத்தில் மனசு வராததற்கு மாத்திரை தேடக்கூடாது. ஆனால் சோதித்துப் பார்க்க வேண்டிய காரணங்களும் உண்டு. இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, மனச்சோர்வும் அதற்குக் குடிக்கும் சில மாத்திரைகளும், சிலருக்குக் குடும்பக்கட்டுப்பாட்டு ஊசி. மூன்று மாத ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு முறைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம், அது பெண்ணின் உரிமை.

பலாத்காரத்தால் வலிக்கும் வலியும் உண்டு. தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு, 1995இல் திருத்தப்பட்ட பிறகும், நீதிமன்றத்தால் பிரித்து வைக்கப்பட்ட கணவனின் பலாத்காரத்தை மட்டுமே குற்றமாகக் கொள்கிறது. ஒரே காம்பராவில் இருப்பவனை அது தொடாது. ஆனாலும் 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்க முடியும். பெரிய ஆஸ்பத்திரிகளில் ‘மிதுறு பியச’, தமிழில் ‘நட்பு நிலையம்’ என்று ஒரு அறை இருக்கும், அங்கே இதைப் பேசலாம். பெண்களுக்கான அழைப்பு இலக்கம் 1938.

கூடையின் பாரம்

என் அம்மாவுக்கு நான்கு பிள்ளைகள். கடைசித் தம்பிக்குப் பிறகு அவருக்குக் கருப்பை இறங்கிவிட்டது. பகலில் நிற்க நிற்க ஒரு உருண்டை போல வெளியே வரும், இரவு படுத்தால் உள்ளே போகும். துணியை மடித்துக் கட்டிக்கொண்டு பதினோரு வருடம் கொழுந்து பறித்தார். இருமினால், கூடையைத் தூக்கினால் சிறுநீர் கசியும். மணக்கும் என்று கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போவதை நிறுத்திக்கொண்டார். அம்மாவுக்குக் கூட்டம் பிடிக்காது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அடிவயிற்றில் கருப்பையையும் மூத்திரப்பையையும் தாங்கும் தசைகளும் நார்களும் தளர்வதால் இது வருகிறது. பல பிரசவங்கள், நீண்டு இழுத்த பிரசவம், பிள்ளை பெற்றுச் சில வாரங்களிலேயே பாரம் தூக்குவது, ஓயாத இருமல், மலச்சிக்கல், வயது எல்லாம் சேர்ந்து இதைக் கொண்டுவரும். தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடையோடு சரிவில் ஏறி இறங்கும் தொழிலில் இதன் பாரம் யார் மேல் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆரம்பத்தில் இடுப்படித் தசைகளுக்கான பயிற்சியே உதவும். சிறுநீரை அடக்குவது போலத் தசையை உள்ளிழுத்துச் சில நொடி பிடித்து விட வேண்டும். நாளுக்கு மூன்று தடவை, மாதக்கணக்கில் செய்ய வேண்டும், ஒரு வாரத்தில் பலன் தெரியாது. அடுத்ததாக, உள்ளே வைக்கும் ஒரு வளையம் இருக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை கிளினிக்கில் கழற்றிக் கழுவி மாற்ற வேண்டும். ஓப்பரேஷனுக்குப் பயந்தவர்களும் உடல்நிலை இடம் கொடுக்காதவர்களும் அதோடு நன்றாக வாழ்கிறார்கள். அதுவும் போதாவிட்டால் ஓப்பரேஷன். அம்மாவுக்கு ஓப்பரேஷன்தான் செய்தார்கள். பிறகு அவர் போன முதல் கலியாண வீட்டில் பந்தி முடிந்தும் எழும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

ஓப்பரேஷனுக்குப் பின் பாரம் தூக்கக் கூடாது என்று துண்டில் எழுதித் தருவார்கள். அந்தத் துண்டைக் கொண்டுபோய்க் காட்டி இலகு வேலை கேட்கும் பெண், கிடைக்காவிட்டால் மறுபடியும் கூடையைத்தான் மாட்டுகிறாள்.

35 வயதும் 45 வயதும்

மாமிக்கு வந்த நோய்க்கு அநேகமாக எல்லா நேரமும் காரணம் எச்.பி.வி. என்ற ஒரு கிருமி. உறவின் மூலம் பரவும், மிகச் சாதாரணமானது, பெரும்பாலானோருக்குத் தானாகவே போய்விடும். போகாமல் தங்கினால் கருப்பையின் கழுத்தில் மெதுவாக மாற்றங்கள் தோன்றி, புற்றுநோயாக வளரப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகும். அவ்வளவு அவகாசம் தரும் புற்றுநோய் வேறு அதிகம் இல்லை.

அந்த அவகாசத்தைப் பயன்படுத்தத்தான் சுகவனிதையர் கிளினிக். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக நடக்கும், காசு இல்லை. பலகையில் சிங்களத்தில் ‘சுவநாரி’ என்று இருக்கும். 35 வயதிலும் 45 வயதிலும் உள்ள பெண்களைக் குறிப்பாக அழைக்கிறார்கள், மற்றவர்களும் போகலாம். பிரஷர், சீனி, மார்பு பார்ப்பார்கள். பிறகு கருப்பைக் கழுத்தை மெதுவாகத் தொட்டுச் சில கலங்களை எடுப்பார்கள், அதுதான் பாப் பரிசோதனை. இப்போது படிப்படியாக எச்.பி.வி. கிருமியையே தேடும் பரிசோதனையும் வருகிறது. சில நிமிட வேலை. வெட்கம் இருக்கும், வலி அதிகம் இல்லை. மாதசுகவீன நாட்களில் போகக்கூடாது. முடிவை மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும். கொடுத்துவிட்டு வந்து முடிவைக் கேட்காதவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர்.

எச்.பி.வி.க்கான தடுப்பூசியை 2017 முதல் ஆறாம் தரப் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே போடுகிறார்கள். “பிள்ளை உண்டாகாம செய்யிற ஊசி” என்று ஒரு கதை தோட்டங்களில் ஓடும். அது பொய். கருத்தடை ஓப்பரேஷன்களை முழுதாக விளக்காமல் செய்த பழைய காலத்தின் ஞாபகம் எங்கள் தாய்மாரிடம் இருக்கிறது, ஆகவே அந்தச் சந்தேகத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். உட்கார்ந்து விளக்கினால் கையெழுத்துப் போடுகிறார்கள்.

உறவுக்குப் பின் இரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பின் ஒரு சொட்டு இரத்தம் கண்டாலோ அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பாலியல் தொற்றுகளுக்குத் தனிக் கிளினிக் பதுளையில் இருக்கிறது. இலவசம், இரகசியம் காப்பார்கள். சில தொற்றுகள் பெண்ணுக்கு ஒரு அறிகுறியும் காட்டாமல் குழாய்களை அடைத்துப் பிள்ளையில்லாமல் செய்துவிடும். ஆகவே புருசனுக்குப் புண்ணோ சீழோ இருந்தால் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் போக வேண்டும். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் இரத்தம் எடுத்துச் சோதித்ததால் வந்த பெயர் அது. தோட்டத்துத் தாய்மாரும் அதில் அடக்கம். கர்ப்பம் என்றால் இந்த நாடு எங்களைத் தேடி வருகிறது, பிள்ளை பிறந்த பிறகு தேடுவது குறைந்துவிடுகிறது.

ஒரு நாளின் விலை

இத்தனையும் இலவசம் என்று எழுதிவிட்டேன், ஆனால் அது முழு உண்மையல்ல. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாவாக்கப்பட்டது. மடுல்சீமைக்கு மேலிருந்து பதுளைக்குக் கிளினிக் வரும் பெண் அந்தப் பேரை இழக்கிறாள். பஸ் காசு, சாப்பாடு, கூட வருபவரின் ஒரு பேர். ‘அடுத்த மாசம் வாங்க’ என்றால் இரட்டிப்பு. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்ய வேண்டும் என்று 1872இலேயே வெள்ளைக்காரன் காலத்தில் சட்டம் வந்தது. 1992இல் தோட்ட முகாமைத்துவம் கம்பனிகளுக்குப் போனது. இன்றும் பல தோட்டங்களில் பெண் முதலில் காண்பது தோட்டத்து டிஸ்பென்சரியைத்தான், அங்கே இருப்பவர் பெரும்பாலும் ஆண், அதுவும் ஊருக்குத் தெரிந்தவர். அவரிடம் ‘சூடு’ என்றுதான் சொல்வாள்.

தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர் வரும் தோட்டத்தில் நிலைமை வேறாக இருப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வாசலில் நின்று பேசி முடித்துத் திரும்பும்போது பின்னாலேயே போய், தண்ணீர்ப் பீலியடியில் வைத்துச் சொல்கிறார்கள். கிளினிக்கை மலைக்கே கொண்டுவரும் நாட்களில், அன்றைய பேரையும் தோட்டம் கொடுத்தால், வரிசை நிறைந்துவிடும். இதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டியதில்லை, ஒரு துரையின் கையெழுத்துப் போதும்.

அதுவரைக்கும் நான் ஒரு சின்ன வேலை செய்கிறேன். கொப்பித் தாளில் சில வரிகளைச் சிங்களத்தில் எழுதி, பக்கத்திலேயே தமிழ் எழுத்தில் உச்சரிப்பையும் எழுதிக் கொடுக்கிறேன். ‘சுது யனவா’, வெள்ளைபடுகிறது. ‘லே யனவா’, இரத்தம் போகிறது. ‘முத்ரா யனவா’, சிறுநீர் கசிகிறது. ‘எளியட்ட எனவா’, வெளியே வருகிறது. வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் விரலால் தொட்டுக் காட்டலாம், பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை.

போன மாதம் நமுனுகுலப் பக்கத்து அக்கா ஒருவர் பசறை பஸ் நிலையத்தில் என்னைக் கண்டு, நான்காக மடித்துப் பர்சில் வைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினார். வியர்வையில் எழுத்து அழிந்திருந்தது. “இன்னொண்ணு எழுதித் தாங்க டீச்சர்,” என்றார், “பக்கத்து லயத்துல மூணு பேரு கேக்குறாங்க.”